மூளை டொக்: சுகதேகிகள் தலையை ஸ்கேன் எடுக்கத் தொடங்கிய கதை



ஊரில் யாராவது தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துத் திடீரென மௌத்தானால், ஜனாஸா முடிந்து திரும்பும் வழியிலேயே ஒரு கேள்வி எழும். "முன்கூட்டியே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் பிடித்திருக்கலாமே?" அண்மைக்காலமாக அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வாகன வியாபாரத்துக்கும் மாணிக்க வியாபாரத்துக்கும் ஜப்பான் போய்வருபவர்கள் சொல்கிறார்கள்: அங்கே எந்த வருத்தமும் இல்லாதவர்கள் காசு கட்டித் தலையை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களாம், வெளிநாட்டவரும் விசா எடுத்துப் போகலாமாம். "போய் எடுத்துவிட்டு வருவது நல்லதா, சேர்?" என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு.

நாம் வைத்தியர் அல்ல, வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர். ஆகவே நமக்குத் தெரிந்த வழியில்தான் பதில் சொல்ல முடியும். பதிவு கொஞ்சம் நீளம். தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

நூறு வருடங்களுக்கு முன் "சும்மா ஒருதரம் மூளையைப் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் வைத்தியர்களே பயந்திருப்பார்கள். 1895 இல் ரொன்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதில் மண்டையோடு தெரிந்தது, மூளை தெரியவில்லை. எலும்புப் பெட்டிக்குள் இருக்கும் மென்மையான பொருள் அது. 1918 இல் அமெரிக்காவின் போல்டிமோர் நகரில் வோல்டர் டண்டி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு வழி கண்டார். மண்டையில் துளையிட்டு, மூளைக்குள் உள்ள நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. அடுத்த வருடமே முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றும் முறையும் வந்தது. நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி. 1927 இல் லிஸ்பனில் ஏகஸ் மொனிஸ், கழுத்தைத் திறந்து பெரிய நாடியில் மருந்தை ஏற்றி, மூளையின் இரத்தக் குழாய்களை முதன்முதலாகப் படத்தில் காட்டினார். அந்த ஆரம்பப் பரிசோதனைகளில் ஒரு நோயாளி இறந்தும் போனார்.

இந்த நிலை ஐம்பது வருடங்களுக்கு மேல் நீடித்தது. சாகும் அபாயத்தில் இருப்பவரை மட்டுமே பார்த்தார்கள், ஏனெனில் பார்ப்பதே ஓர் அபாயம்.

1971 ஒக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் அது மாறியது. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி, கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியியலாளர் செய்த இயந்திரத்துக்குள் தலையை வைத்தார். ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் பல நிமிடங்கள் பிடித்தன. கணக்குகள் பதிந்த நாடாவை வாகனத்தில் ஏற்றி, நகரின் மறுகோடியில் இருந்த கணினிக்குக் கொண்டுபோனார்கள். 80க்கு 80 புள்ளிகள் கொண்ட, இன்றைய கைத்தொலைபேசிப் படத்தோடு பார்த்தால் சிரிப்பு வரும் ஒரு படம் கிடைத்தது. ஆனால் கட்டி தெரிந்தது. ஹவுன்ஸ்ஃபீல்ட் வேலை செய்த ஈ.எம்.ஐ. கம்பனி பீட்டில்ஸ் பாடல்களை வெளியிட்ட இசைத்தட்டுக் கம்பனி. அதனால் சி.டி. ஸ்கேன் பீட்டில்ஸ் காசில் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த ஆய்வுக்கு பிரித்தானிய சுகாதாரத் திணைக்களம் கொட்டிய காசு கம்பனி போட்டதை விட அதிகம். நல்ல கதைகள் எப்போதும் வரி கட்டுபவரை மறந்துவிடுகின்றன.

இனி ஜப்பானுக்கு வருவோம். அவர்கள் ஏன் மற்ற எல்லோருக்கும் முன்னால் சுகதேகிகளின் தலையைப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பது விளங்க வேண்டுமானால், அவர்களுடைய பயம் என்னவென்று முதலில் விளங்க வேண்டும்.

1951 முதல் 1980 வரை, முப்பது வருடங்களாக, ஜப்பானில் மரணத்துக்கு முதற் காரணம் பாரிசவாதம். அதற்கு முன் அந்த இடத்தில் காசநோய் இருந்தது, பின்னர் புற்றுநோய் வந்தது. பாரிசவாதத்தை அவர்களுடைய பழைய பேச்சில் 'சூஃபு' என்பார்கள், காற்று அடித்தது என்று பொருள். நாம் 'வாதம்' என்று சொல்வதும் காற்றைத்தான். தூரத்துத் தேசத்தவருக்கும் நமக்கும் ஒரே நோய் ஒரே உருவத்தில் தெரிந்திருக்கிறது.

வடகிழக்கில் உள்ள அகிட்டா மாகாணம் இதில் மிக மோசம். நீண்ட பனிக்காலம், உப்பிட்ட மீன், உப்பிட்ட மரக்கறி, உப்பு ஊறிய சோயா விழுது. அந்தப் பக்கத்து மக்கள் 1950களில் நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் உப்புச் சாப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் அளவு 5 கிராமுக்கும் குறைவு. (கருவாடும் மாசியும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.) 1963 இல் ஒசாக்காவிலிருந்து வைத்தியர் குழுவொன்று அகிட்டாவின் இக்காவா என்ற கிராமத்துக்குப் போனது. வருடந்தோறும் ஊர் முழுவதற்கும் பிரஷர் பார்த்தார்கள். கூடியவர்களை மருந்துக்கு அனுப்பினார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வேலையை முழு அளவில் செய்த பகுதியையும் பெயரளவில் செய்த பகுதியையும் பின்னர் ஒப்பிட்டார்கள். முழு அளவில் செய்த இடத்தில் ஆண்களிடையே பாரிசவாதம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

நாடு முழுவதிலும் இதே பாதைதான். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால், 1965 இல் உச்சத்தில் இருந்த பாரிசவாத மரணம் 1990 ஆகும்போது ஏறத்தாழ 80 வீதம் குறைந்துவிட்டது. திகதிகளைக் கவனியுங்கள். இந்த வீழ்ச்சியின் பெரும்பகுதி நடந்து முடிந்த பின்னர்தான் நாம் பேசப்போகும் மூளை ஸ்கேன் பரிசோதனை பிறக்கிறது. கையில் கட்டும் பிரஷர் பட்டியும் உப்புப் போத்தலும் செய்த வேலை அது. ஜப்பான்காரர் ஸ்கேனால்தான் தப்பினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தப் பரிசோதனையின் பெயருக்கு வருவோம். 1938 இல் இரண்டு ஜப்பானிய அரசியல்வாதிகள், வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாமலே உடம்பு முழுவதையும் பார்க்கச் சொல்லி டோக்கியோ பல்கலைக்கழக வைத்தியசாலையில் தங்கினார்கள். கடலோடிய கப்பல் பழுது பார்க்க டொக்கில் ஏறுவது போல என்று அது பேசப்பட்டது. யுத்தம் முடிந்த பின் 1954 ஜூலையில் தேசிய டோக்கியோ முதலாவது வைத்தியசாலை இதையே ஒரு திட்டமாக்கியது. ஆறு நாள் வைத்தியசாலையில் தங்கி, தலை முதல் கால் வரை பரிசோதனை. பத்திரிகை இட்ட பெயர் 'நிங்கென் டொக்கு', மனித டொக். கொழும்புத் துறைமுகத்து டொக்யாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. உடையாத கப்பலும் காலத்துக்குக் காலம் டொக்கில் ஏறும், அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்ப்பார்கள், திரும்பக் கடலில் இறக்குவார்கள். இன்றும் ஜப்பானில் ஜூலை 12 மனித டொக் நாள்.

தலையை மட்டும் பார்க்கும் 'நோ டொக்கு', அதாவது மூளை டொக், 1988 அளவில் தொடங்கியது. வடக்கே ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரம் அதன் ஆரம்ப இடங்களில் ஒன்று. ஏன் அப்போது? எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. போல் லோடர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவரும் 1970களில் அடித்தளமிட்டு 2003 இல் நோபல் பரிசு வாங்கிய இந்த முறையில் எக்ஸ்ரே கதிர் இல்லை, காந்தமும் வானொலி அலையும்தான். 1980களின் பிற்பகுதியில், ஓடும் இரத்தத்தையே வைத்து, ஊசிகூடக் குத்தாமல், மூளையின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் நுட்பமும் கைகூடியது. மொனிஸ் கழுத்தைத் திறந்து பார்த்ததை இப்போது படுத்தபடியே பார்க்கலாம். பார்ப்பதில் இருந்த அபாயம் போய்விட்டது. காசும் அந்தக் காலத்து ஜப்பானில் இருந்தது. நோயில்லாதவருக்கான பரிசோதனை என்பதால் அரச சுகாதாரக் காப்புறுதி இதற்குக் கொடுப்பதில்லை. ஆனால் பல தொழில் நிறுவனங்களின் காப்புறுதிச் சங்கங்கள் ஒரு பங்கைத் தாங்கின. இன்று பத்து இலட்சம் பேருக்கு ஐம்பதுக்கு மேல் எம்.ஆர்.ஐ. இயந்திரம் வைத்திருக்கும் நாடு அது. இயந்திரங்களுக்கும் வேலை வேண்டுமே.

இங்கேதான் கதையின் கனமான பகுதி தொடங்குகிறது. பார்ப்பது சுலபமானது. கண்டதை வைத்து என்ன செய்வது?

சுகதேகிகளின் தலைக்குள் எத்தனை விடயங்கள் இருக்கின்றன என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 2000 சாதாரண மனிதர்களை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007 இல் வெளியிட்டார்கள். 7.2 வீதமானவர்களின் மூளையில், அவர்களே அறியாமல் வந்துபோன சிறு பாரிசவாதத்தின் தழும்பு. 1.8 வீதத்தில் இரத்தக் குழாய் வீக்கம். 1.6 வீதத்தில் புற்றல்லாத கட்டி. எல்லோரும் அன்று காலை வீட்டில் சாப்பிட்டுவிட்டு நடந்து வந்தவர்கள்தான்.

இரத்தக் குழாய் வீக்கம்தான் மூளை டொக்கின் பிரதான எதிரி. குழாயின் சுவர் பலவீனமான இடத்தில் சைக்கிள் டியூப் பொம்மியது போல ஒரு சிறு குமிழ். வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் பரவும், பலர் அதிலேயே இறந்துவிடுவார்கள். ஆகவே தொண்ணூறுகளின் ஜப்பானில் தர்க்கம் நேரானது: கண்டால் கட்டு. மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தில் கிளிப் போடுவார்கள். ஆயிரக்கணக்கான சுகதேகிகள் ஒரு படத்தின் காரணமாகச் சத்திரசிகிச்சை மேசையில் படுத்தார்கள்.

1998 இல் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா மூன்றிலும் 2621 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அதிர்ச்சி. முன்பு இரத்தக் கசிவு வராதவர்களிடம் 10 மில்லிமீற்றருக்குச் சிறிய குமிழ் வெடிக்கும் வாய்ப்பு வருடத்துக்கு 0.05 வீதம் மட்டும் என்றார்கள். மறுபக்கம், வெடிக்காத குமிழுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்களும் உடல் அல்லது அறிவு பாதிக்கப்பட்டவர்களும் 45 வயதுக்குக் கீழ் 6.5 வீதம், 64க்கு மேல் 32 வீதம். அதாவது நோயை விட வைத்தியம் ஆபத்தாக இருந்திருக்கலாம். (குழாய்க்குள்ளால் கம்பிச் சுருள் வைக்கும் முறை பரவிய பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனாலும் அபாயம் பூச்சியமாகவில்லை.)

ஜப்பானிய நிபுணர்கள் இந்த 0.05ஐ ஏற்கவில்லை, தங்கள் அனுபவத்துக்கு அது மிகக் குறைவு என்றார்கள். இந்த இடத்தில் அவர்களை நாம் மதிக்கிறோம். கோபித்துக்கொண்டு இருக்காமல் தாங்களே எண்ணத் தொடங்கினார்கள். 2001 முதல் 2004 வரை 5720 பேரை, அவர்களின் 6697 குமிழ்களைப் பதிந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தற்செயலாகக் கண்டவை. பின்தொடர்ந்து பார்த்து 2012 இல் வெளியிட்டார்கள். மொத்தமாக வருடத்துக்கு 0.95 வீதம் வெடிக்கிறது. ஆனால் அளவைப் பொறுத்துக் கணக்கு தலைகீழாகிறது. 3 முதல் 4 மில்லிமீற்றர் குமிழுக்கு 0.36 வீதம், 5 முதல் 6க்கு 0.50, 7 முதல் 9க்கு 1.69, 10 முதல் 24க்கு 4.37.

இதை ஊர்ப் பாஷையில் சொன்னால், 3 மில்லிமீற்றர் குமிழோடு ஆயிரம் பேர் இருந்தால் ஒரு வருடத்தில் மூன்று நான்கு பேருக்கு வெடிக்கும், மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்காது. நாற்பது வயதுக்காரருக்கு அது ஒரு வருடக் கணக்கு அல்ல, முப்பது நாற்பது வருடங்கள் சுமக்க வேண்டிய கணக்கு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும். எந்தப் பக்கமும் சுலபமான விடை இல்லை.

ஜப்பான் என்ன செய்தது? மூளை டொக்குக்கென்று 1990களின் ஆரம்பத்தில் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1997 இல் முதல் வழிகாட்டியை எழுதினார்கள். என்னென்ன பரிசோதனை சேர வேண்டும், கண்டதை எப்படிச் சொல்ல வேண்டும், யாரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவது, யாரைப் பார்த்துக்கொண்டே இருப்பது என்று. காலத்துக்குக் காலம் திருத்தினார்கள். இன்றைய வழக்கத்தில் சிறிய குமிழ் உள்ள பெரும்பாலானோருக்கு வைத்தியர் சொல்வது: புகையை விடு, பிரஷரைக் கட்டுப்படுத்து, சில மாதங்களில் திரும்ப வா, பிறகு வருடந்தோறும் வா. அதே வைத்தியசாலை, பழைய படத்துக்குப் பக்கத்தில் புதிய படம். வளர்ந்தால் அப்போது யோசிப்போம்.

கல்வியியற் கல்லூரியில் நாம் பயிற்சி பெற்ற நாட்களில் ஒரு விரிவுரையாளர் சொல்வார்: புள்ளியை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று தெரியாமல் பிள்ளைக்குப் பரீட்சை வைக்காதே. மூளை டொக் முதலில் பரீட்சையை வைத்தது, புள்ளியை என்ன செய்வதென்று படிக்க இருபத்தைந்து வருடங்கள் எடுத்தது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த நாட்டுச் சுகதேகிகள்.

இப்போது வெளிநாட்டுப் பிரயாணிக்கு வருவோம். 2010 ஜூனில் ஜப்பான் அரசாங்கம் தன் புதிய பொருளாதார வளர்ச்சித் திட்டத்தில் வைத்தியத்துக்காக வரும் வெளிநாட்டவரையும் சேர்த்தது. 2011 ஜனவரியில் வைத்தியத் தங்கல் விசா வந்தது. சிகிச்சைக்கு மட்டுமல்ல, மனித டொக் பரிசோதனைக்கும் அதில் போகலாம். பதிவு செய்த ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்று பொறுப்பு நிற்க வேண்டும். சீனாவிலிருந்துதான் அதிகம் போனார்கள். பரிசோதனை, மொழிபெயர்ப்பாளர், இடையில் கொஞ்சம் சுற்றுலா என்று பொதியாகவே விற்றார்கள்.

நமது சந்தேகம் இங்கேதான். டொக்கில் ஒரு தடவை மட்டும் ஏறிய கப்பலுக்கு டொக்கால் என்ன பயன்? ஜப்பான்காரருக்கு அந்த ஸ்கேன் ஒரு வருடாந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. நமது ஆள் போய் வந்தால் கையில் இருப்பது ஓர் இறுவட்டும் மொழிபெயர்த்த நான்கு பக்கமும். "இடது பக்கக் குழாயில் 3 மில்லிமீற்றர் வீக்கம், அவதானிக்கவும்" என்று எழுதியிருக்கும். அவதானிப்பது யார்? அடுத்த வருடம் கொழும்பில் வேறு இயந்திரத்தில் எடுத்தால் 3.5 என்று வரலாம். வளர்ந்ததா, இயந்திரம் மாறியதா என்று சொல்ல இரண்டு படங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். அவர் கிடைக்கும் வரை அந்த மனிதர் வாகனம் ஓட்டப் பயப்படுவார், பாரம் தூக்கப் பயப்படுவார், சாதாரணத் தலைவலிக்கும் வீடே கலங்கும். அறிந்துவிட்ட பின் அறியாதவராக ஆக முடியாது.

அதற்காக யாருமே எடுக்கத் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. வாப்பா, உம்மா, கூடப்பிறந்தோர் என்ற நெருங்கிய உறவில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இப்படிக் குமிழ் இருந்தது அல்லது வெடித்தது என்றால், அல்லது பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருந்தால், அவர்களைப் பார்க்கச் சொல்லி மேற்கு நாட்டு வழிகாட்டிகளும் சொல்கின்றன. அவர்கள் நரம்பியல் வைத்தியரைக் கண்டு பேச வேண்டும். அந்த எம்.ஆர்.ஐ.யை எடுக்க டோக்கியோ போகத் தேவையில்லை, கொழும்பிலேயே எடுக்கலாம். இன்னொன்று: வாழ்க்கையில் வராத மாதிரி, இடி விழுந்தது போல ஒரு தலைவலி நொடியில் உச்சத்துக்கு ஏறினால், விசாவைப் பற்றியல்ல, பக்கத்து வைத்தியசாலைக்குப் போகும் வாகனத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு, இக்காவா கிராமத்தில் 1963 இல் செய்த வேலை நமது அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்த நிலையங்களில் இலவசமாகவே நடக்கிறது. பிரஷர், சீனி, நிறை, உயரம். காலை நேரத்தில் போய் வரலாம். அங்கே பெண்கள்தான் கூடுதலாகத் தெரிகிறார்கள். ஆண்களை, அதிலும் சிகரட் பிடிக்கும் ஆண்களை, காண்பது அரிது.

இவ்வளவும் வாசித்த பின்னும் ஜப்பான் போகத்தான் வேண்டும் என்பவருக்கு இரண்டு விடயங்கள். அந்த வைத்திய விசாவைப் பல தடவை போய்வரக்கூடியதாக, அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு எடுக்க வழியிருக்கிறது, ஒவ்வொரு தங்கலும் 90 நாளுக்குள் இருந்தால். திரும்ப வருவார்கள் என்று எண்ணித்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு தடவைக்கான காசை அல்ல, மூன்று தடவைக்கான காசைக் கணக்கிட்டுப் பாருங்கள். மற்றது, போவதற்கு முன்பே இங்குள்ள ஒரு நரம்பியல் வைத்தியரிடம் "ஏதாவது கண்டால் நீங்கள் தொடர்ந்து பார்ப்பீர்களா?" என்று கேட்டு வையுங்கள். திரும்பும்போது அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், மூலப் படங்கள் முழுவதும் உள்ள இறுவட்டைக் கேட்டு வாங்கி, அவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.